மூளம்பன்றியின் குளவித் தொப்பி

காலை ஆறரை மணி இருக்கும். பெரட்டுக்களத்தில் பனி இன்னும் விலகவில்லை. அன்றைய வேலையைப் பிரித்துக் கொடுப்பதற்காகத் தொழிலாளர் எல்லோரும் வந்து வரிசையாக நிற்கும் இடத்தைத்தான் எங்கள் தேயிலைத் தோட்டங்களில் பெரட்டுக்களம் என்பார்கள். பெண்கள் வரிசையின் நடுவில் என் அம்மா நின்றுகொண்டிருந்தாள். தலையில் ஒரு விநோதமான சாமானை மாட்டியிருந்தாள்.

மேலே உரப்பையின் தடித்த துணி. முகத்துக்கு முன்னால் வெங்காயப் பையின் சிவப்பு வலை. வலை முகத்தில் படாமல் தள்ளி நிற்பதற்காக, உடைந்த குடையிலிருந்து பிடுங்கிய கம்பிகள். வலைக்குள்ளிருந்து அம்மாவின் மூக்குத்தி மட்டும் அவ்வப்போது மின்னியது.

நான் வெள்ளைச் சீருடையும் புத்தகப் பையுமாகக் களத்தின் ஓரத்தில் நின்றேன். பள்ளிக்கூடம் போகிற குறுக்குப் பாதை அந்த வழியாகத்தான். கண்டாக்கையா வரிசையைப் பார்த்துக்கொண்டே வந்து அம்மாவுக்கு முன்னால் நின்றுவிட்டார். மலைகளில் நடக்கும் வேலையை மேற்பார்க்கும் உத்தியோகத்தர் அவர். அவர் நின்றால் வரிசையே மூச்சை அடக்கிக்கொள்ளும்.

"என்னா இது வேசம்?"

"வேசம் இல்லீங்கய்யா. குளவித் தொப்பி."

"யாரு செய்யச் சொன்னது?"

அம்மா கொஞ்சமும் யோசிக்கவில்லை. "மூளம்பன்றி சொல்லுச்சுங்க" என்றாள்.

வரிசை முழுக்கச் சிரித்தது. கண்டாக்கையாவின் முகம் கறுத்தது. எனக்கோ அப்படியே மண்ணுக்குள் போய்விடலாம் போலிருந்தது. ஏனென்றால் அந்த மூளம்பன்றி என்னுடையது.

ஒரு சின்னப் பிழை

தாய்மார் மலைக்குப் போனதும் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவில் நாங்கள் பிஸ்கட்டுக்கு அடித்துக்கொண்ட கதையைப் போன வாரம் இந்தப் பத்தியில் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு ஹட்டனிலிருந்து ஒரு வாசகி கடிதம் போட்டிருக்கிறார். பாடப் புத்தகங்களுக்குப் படம் வரைகிற நான் எங்கே வரையக் கற்றேன் என்று ஒரு வாரமும் சொல்லவில்லையே என்று குறைப்பட்டிருக்கிறார். குறை நியாயமானதுதான். ஆனால் அதைச் சொல்லப்போனால் நான் விட்ட ஒரு எழுத்துப் பிழையிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். இத்தனை வாரமும் அதனால்தான் தள்ளிப்போட்டேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. இலங்கை மலையகத்தில், லிந்துலைப் பக்கத்தில் ஒரு தோட்டப் பள்ளிக்கூடம். எங்களுக்குத் தமிழ் படிப்பித்தவர் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த டீச்சர். குளிருக்கு இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, மூக்கை உறிஞ்சிக்கொண்டே இலக்கணம் நடத்துவார். ஒருநாள் மிருகங்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதச் சொன்னார். எல்லோரும் பசுவையும் யானையையும் எழுத, நான் மட்டும் எங்கள் மரவள்ளிக் கிழங்கை இராத்திரியோடு இராத்திரியாகத் தோண்டித் தின்றுவிட்டுப் போகும் முள்ளம்பன்றியை எழுதினேன். எழுதும் அவசரத்தில் அது "மூளம்பன்றி" ஆகிவிட்டது. ஒரு இடத்தில் இல்லை, கட்டுரை முழுக்க.

டீச்சர் எல்லாவற்றையும் சிவப்பு மையால் சுழித்துவிட்டு என்னை எழுப்பினார்.

"இதென்ன பிள்ளை, மூளம்பன்றி? முள்ளம்பன்றி எண்டு எழுதத் தெரியாதோ?"

வகுப்பு சிரித்தது. எனக்கு அப்போதெல்லாம் ஒரு கெட்ட குணம் இருந்தது. பிழை என்று தெரிந்தாலும் ஒத்துக்கொள்ள மாட்டேன். இப்போதும் இருக்கிறது என்று வீட்டில் சொல்வார்கள். நான் நிமிர்ந்து நின்று, "இல்ல டீச்சர், இது வேற. இதுக்கு மூளை ஜாஸ்தி" என்றேன்.

டீச்சர் சிவப்புப் பேனாவை மூடினார். கோபப்படவில்லை. அப்படியானால் அந்த மூளையுள்ள பன்றி என்னென்ன செய்யும் என்று நாளைக்கு ஒரு பக்கம் எழுதிக்கொண்டு வரச் சொல்லிவிட்டார். அது தண்டனையா வெகுமதியா என்று எனக்கு இன்றுவரைக்கும் விளங்கவில்லை.

நால்வர் படை

அந்த ஒரு பக்கம் ஒரு கொப்பியாக, ஒரு முழு நோட்டுப் புத்தகமாக வளர்ந்தது. கொப்பி ஏழு கொப்பியாகப் பெருகியது.

வரிசையாக ஒட்டிக் கட்டிய எங்கள் லய வீடுகளில் யாரிடமும் தொலைக்காட்சிப் பெட்டி கிடையாது. பங்களாக் காவல்காரர் வீட்டில் ஒன்று இருந்தது. சனிக்கிழமைகளில் அவர் வீட்டு வாசலில் நின்று கார்ட்டூன் பார்ப்போம். எல்லாம் சிங்களத்தில் பேசும். அதில் வரும் மிருக வீரர்கள் பெரிய பெரிய கட்டடங்களுக்கு மேலே பறப்பார்கள். எங்களுக்குத் தெரிந்த உயரமான கட்டடம் தேயிலைத் தொழிற்சாலையான ஸ்டோர் ஒன்றுதான். அதன் மேலே பறந்து என்ன செய்வது? அதனால் என் வீரர்களை மலைக்கே அனுப்பினேன்.

படையில் நான்கு பேர். சிறுத்தைக்கு வேகம். குரங்குக்குத் தாவல். மூன்றாவது ஆள் அட்டை. எதையும் கவ்விப் பிடித்தால் விடாது. நான்காவதுதான் மூளம்பன்றி. அதற்கு ஓடத் தெரியாது, தாவத் தெரியாது, சண்டையும் போடத் தெரியாது. ஆனால் முதுகில் இருக்கும் ஒவ்வொரு முள்ளும் ஒவ்வொரு கருவி. ஒன்றைப் பிடுங்கினால் திருப்புளி, இன்னொன்றைப் பிடுங்கினால் வானொலிக் கம்பி. பிரச்சினை வந்தவுடன் மற்ற மூவரும் பாய்ந்துபோய் மாட்டிக்கொள்வார்கள். மூளம்பன்றி ஒரு கல்லில் உட்கார்ந்து யோசித்து, ஒரு கருவியைச் செய்து, மூவரையும் மீட்டுக்கொண்டு வரும்.

அந்தக் கொப்பிகளை அம்மா மலைக்குக் கொண்டுபோனாள். தேத்தண்ணி நேரத்தில் எழுத்துத் தெரிந்த ஒருத்தி வாசிக்க, மற்றவர்கள் கேட்பார்களாம். அட்டையை வீரனாக்கியதற்கு மட்டும் பெரிய எதிர்ப்பு வந்தது. காலெல்லாம் இரத்தம் குடித்த சனியனை எப்படி நல்லவனாகக் காட்டலாம் என்று சண்டைக்கு வந்தார்கள். அம்மாதான் சமாளித்தாள். நம் இரத்தத்தைக் குடித்து வளர்ந்தவன் நமக்காகக் கொஞ்சம் உழைக்கட்டுமே என்றாளாம்.

அம்மா பிடித்த குற்றங்கள்

அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது. ஆனால் அவளைப்போல ஒரு கண்டிப்பான வாசகியை நான் அதன் பிறகு பார்க்கவில்லை. எத்தனையோ பதிப்பாசிரியர்களிடம் படம் கொண்டுபோயிருக்கிறேன். ஒருவரும் அம்மாவுக்குக் கிட்ட வரமாட்டார்கள்.

பின்னேரம் அவள் ரொட்டிக்கு மாவு பிசையும்போது நான் பக்கத்தில் இருந்து வாசிப்பேன். சிறுத்தை பாறையைத் தூக்கினால் ஒன்றும் சொல்லமாட்டாள். குரங்கு ஆற்றைத் தாண்டினாலும் கேட்டுக்கொள்வாள். மூளம்பன்றி கருவியை எடுத்தவுடன் அவள் கை நின்றுவிடும்.

"அது எப்புடி வேல செய்யும்?"

"அது அப்படித்தான்மா, கதை."

"சிறுத்தைக்குக் கதை சரி. இவன் மூளக்காரன்னு நீதானே சொன்ன. மூளக்காரன் செஞ்சா வேல செய்யணும்."

ஒருமுறை மூளம்பன்றி ஒரு பொத்தானை அமுக்கி மழையை நிறுத்தியது. அன்றைக்கு அம்மா எனக்கு ரொட்டி போடுவதையே நிறுத்திவிட்டாள். மழையை நிறுத்த முடியாது, நனையாமல் இருக்க என்ன வழி என்றுதான் யோசிக்க வேண்டும் என்றாள். கடைசியில், கூடையின் கயிறு வழியாக மழைத் தண்ணீர் முதுகில் ஒழுகாமல் இருக்க, கயிற்றில் ஒரு முடிச்சுப் போட்டுத் தண்ணீரை வெளியே சொட்டவைக்கும் வழியை அவளே சொன்னாள். நான் அதை வரைந்தேன். அடுத்த வாரம் மலையில் பாதிப் பேரின் கூடைக் கயிற்றில் அந்த முடிச்சு இருந்தது.

அதன் பிறகு பெண்கள் கதை கேட்பதோடு விடவில்லை. தங்கள் தொந்தரவுகளையும் மூளம்பன்றிக்குச் சொல்லி அனுப்ப ஆரம்பித்தார்கள். தலையில் கூடைக் கயிறு அறுக்கிறது, விரல் வெடிக்கிறது, மட்டக்கம்பு வழுக்குகிறது. கொழுந்தை ஒரே உயரத்தில் கிள்ளுவதற்காகத் தேயிலைச் செடிமேல் வைக்கும் கம்புதான் மட்டக்கம்பு. அம்மா இரண்டு நாள் யோசிப்பாள். மூன்றாம் நாள், "மூளம்பன்றி இப்புடிச் சொல்லுச்சுன்னு எழுதிக்க" என்பாள். ஒருநாளும் தான் சொன்னதாகச் சொன்னதில்லை. கொழுந்தெடுக்கிற ஒருத்தி இதை இப்படிச் செய்தால் என்ன என்று வாய் திறந்தால் கங்காணியிலிருந்து கண்டாக்கு வரைக்கும் ஏளனம் பண்ணுவார்கள். மிருகம் சொன்னதாகச் சொல்லிவிட்டால் யாரும் சண்டைக்கு வரமுடியாது.

பாக்கியம் அத்தை

குளவித் தொப்பி மட்டும் அப்படி விளையாட்டாக வந்ததில்லை.

அதற்கு முந்தின வருடம் பாக்கியம் அத்தையைக் குளவி கொட்டியது. உறவுக்காரர் இல்லை. லயத்தில் எங்கள் வீட்டுக்கு அடுத்த காம்பராவில் இருந்தவர், மலையில் அம்மாவுக்குப் பக்கத்து நிரையில் கொழுந்தெடுப்பவர். பதினாறு வருடம் இருவரும் பக்கத்துப் பக்கத்து நிரைதான். ஒரு பருந்து வந்து, மரத்திலிருந்த குளவிக் கூட்டைக் கலைத்துவிட, குளவிகள் கூட்டமாக இறங்கின. எல்லோரும் கூடையை எறிந்துவிட்டு ஓடினார்கள். அத்தை காலில் புடைவை தடுக்கி விழுந்துவிட்டார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே போய்விட்டார்.

அம்மா அதைப் பற்றி அதிகம் பேசியதில்லை. ஓடி வந்துவிட்டோமே என்ற எண்ணம் அவளை அரித்துக்கொண்டிருந்தது என்று எனக்கு இப்போது தெரியும். அப்போது தெரியாது. ஒருநாள் திடீரென்று, "குளவிக்கு ஒண்ணு செய்யச் சொல்லு" என்றாள். யாருக்குச் சொல்கிறாள் என்று கேட்க வேண்டியதில்லை.

நான் நிறைய யோசித்து ஒரு வலை முகமூடி வரைந்து காட்டினேன். மூளம்பன்றி அதை முகத்தில் இறுக்கிக் கட்டிக்கொண்டு சிரித்தது. அம்மா படத்தைப் பார்த்தாள்.

"வல மூக்கு மேலேயே ஒட்டிக்கிட்டு இருக்கே. குளவி வெளிய உக்காந்துகிட்டே கொட்டிட்டுப் போயிரும்" என்றாள்.

அங்கேதான் வேலை ஆரம்பித்தது. தலவாக்கலையில் முஸ்லிம் நானா ஒருவரின் கடையில் வெங்காயம் வரும் வலைப் பைகளை அம்மா கேட்டு வாங்கிவந்தாள். ஒரு மடிப்பு வைத்துக் காட்டியபோது கண்ணிகள் பெரிதாகத் தெரிந்தன. குளவி நுழையுமா என்று நான் உளுந்தை எடுத்து எறிந்து பார்த்தேன். உளுந்து உள்ளே போனது. இரண்டாவது மடிப்பை நேராக வைக்காமல் குறுக்காக வைத்தாள். உளுந்து நின்றுவிட்டது. முகத்துக்கும் வலைக்கும் நடுவில் ஒரு விரல் நீளம் இடைவெளி வேண்டும் என்று குடைக்கம்பிகளை வளைத்துத் தைத்தாள். எங்கள் ஊரில் மழையும் காற்றும் சேர்ந்து மாதத்துக்கு ஒரு குடையை உடைக்கும், கம்பிக்குப் பஞ்சமே இல்லை. கீழ்ப்பகுதி, இடுப்பில் கட்டும் படங்குச் சாக்குக்குள் செருகிக்கொள்கிற மாதிரி இருந்தது. தைத்து முடித்துப் போட்டுப் பார்த்தபோது, கம்பிகள் துருத்திக்கொண்டிருக்க, அம்மாவே ஒரு முள்ளம்பன்றிபோல இருந்தாள். அப்பா வாசலில் நின்று சிரித்தார். அன்றைக்கு அப்பாவுக்குக் கறியில் உப்பு கூடிவிட்டது.

பல வருடங்கள் கழித்து, இரண்டாயிரத்துக்குப் பிறகு, நான் கொழும்பில் ஒரு கடையில் தேன் எடுப்பவர்கள் போடும் வலைத் தொப்பியைப் பார்த்தேன். உலகத்தில் இது எப்போதோ கண்டுபிடிக்கப்பட்ட சங்கதி என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. கொஞ்சம் மனம் வாடிப்போய் அம்மாவிடம் சொன்னேன். அவள் அலட்டிக்கொள்ளவில்லை. "அவங்க அதப் போட்டுகிட்டு ரெண்டு கையாலயும் கொழுந்து எடுப்பாங்களா?" என்று கேட்டாள். எடுக்க மாட்டார்கள்தான்.

கண்டாக்கையாவின் தலைமுடி

மறுபடியும் பெரட்டுக்களத்துக்கு வருகிறேன். கண்டாக்கையாவின் முகம் ஏன் கறுத்தது என்பது எங்களுக்கு உடனே விளங்கவில்லை. அவருடைய தலைமுடியைப் பார்த்த பிறகுதான் விளங்கியது. எவ்வளவு எண்ணெய் வைத்தாலும் படியாமல் நேராக நிற்கும் முடி அது. மாதக்கணக்காக மலையில் "மூளம்பன்றி என்ன சொல்லுச்சு", "மூளம்பன்றிகிட்ட கேட்டியா" என்று பெண்கள் பேசிச் சிரிப்பதை அவர் காதால் கேட்டிருக்கிறார். தனக்குத்தான் பட்டப்பெயர் வைத்திருக்கிறார்கள் என்று முடிவு கட்டிவிட்டார்.

தொப்பியைக் கழற்றினால் மலைக்குப் போகலாம், இல்லாவிட்டால் வீட்டுக்குப் போ என்றார். அம்மா வீட்டுக்குப் போனாள். அன்றைக்கு அவளுக்கு வேலை இல்லை.

மறுநாள் கொப்பிகளோடு அம்மாவை ஆபீசுக்கு வரச் சொன்னார். நானும் கூடப் போனேன். கண்டாக்கையா நின்றபடியே முதல் கொப்பியைத் திறந்தார். பிறகு உட்கார்ந்தார். ஒரு பக்கத்திலும் தன்னைக் காணவில்லை என்று தெரிந்த பிறகும் அவர் மூடவில்லை. ஏழாவது கொப்பியின் கடைசிப் பக்கத்தில் சிறுத்தை ஒரு பாறை இடுக்கில் சிக்கியிருந்தது.

"அடுத்தது எப்ப வரும்?" என்று என்னைக் கேட்டார்.

அடுத்த வாரம் என்றேன். சரி என்றார். ஆனால் தொப்பிக்கு மட்டும் அனுமதி தரவில்லை. மலையில் புதிதாக எதையும் போடுவதானால் தோட்டத்து மேலாளரான தொரையிடமிருந்து உத்தரவு வரவேண்டும், தான் விட்டால் தன் வேலைக்கு ஆபத்து என்று தாழ்ந்த குரலில் சொன்னார். தொரையிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று அவராகவும் சொல்லவில்லை, அம்மாவும் கேட்கவில்லை.

வரும் வழியில் அம்மா வேகமாக நடந்தாள். எனக்கு அழுகை வந்தது. லயத்துக்குக் கிட்ட வந்ததும் நின்றாள்.

"தலையில இருந்தாத்தானே தெரியும்" என்றாள்.

அதற்கடுத்த இரண்டு வாரமும் அவள் அந்தத் தொப்பியைப் பிரித்துப் பிரித்துத் தைத்தாள். கம்பிகள் குடையில் மடிவதைப் போலவே மடியும்படி செய்தாள். மொத்தத்தையும் சுருட்டினால் படங்குக்குள் இடுப்போடு அடங்கிவிடும். இழுத்து உதறினால் விரியும். தலையில் போட்டுச் செருகுவதற்குள் நான் பத்துவரை எண்ணுவேன். எட்டுக்குள் போட வேண்டும் என்று அம்மா திரும்பத் திரும்பப் பழகினாள். தடை மட்டும் வராவிட்டால் அந்தத் தொப்பி அவ்வளவு நல்ல தொப்பியாக ஆகியிருக்காது என்று நான் நம்புகிறேன்.

எட்டாவது கொப்பியில் மூளம்பன்றி மடிப்புத் தொப்பி செய்தது. அது வாசிக்கப்பட்ட வாரத்தில், அம்மாவோடு கொழுந்தெடுக்கும் செல்லம்மாக்கா ஒன்று தைத்தார். பிறகு இன்னும் நான்கைந்து பேர். எல்லாம் இடுப்பில், யார் கண்ணிலும் படாமல். எட்டாவது கொப்பி கண்டாக்கையாவுக்கும் போயிருந்தது. படித்திருப்பார். ஆனால் அந்த இடுப்புகளை அவர் ஒருநாளும் உற்றுப் பார்க்கவில்லை.

லொறியின் ஹோர்ன்

வெயிலும் காற்றும் மாறி மாறி அடிக்கும் மாதம் அது. பள்ளிக்கூடத்தில் மத்தியான நேரத்தில் தோட்டத்து லொறி விடாமல் ஹோர்ன் அடித்துக்கொண்டு போனது கேட்டது. கொழுந்து ஏற்றும் லொறி ஹோர்ன் அடிக்காது. விடாமல் அடித்தால் ஆட்களை ஏற்றிக்கொண்டு போகிறது என்று அர்த்தம். வகுப்பில் ஒவ்வொரு பிள்ளையும் தன் தாய் இன்றைக்கு எந்த மலையில் நிற்கிறாள் என்று யோசித்தது. டீச்சர் புத்தகத்தை மூடிவிட்டார்.

குளவி, ஆறாம் நம்பர் மலை என்று யாரோ வந்து சொன்னார்கள். என் அம்மா ஆறாம் நம்பரில்தான் இருந்தாள்.

நான் ஓடினேன். செருப்பு எங்கே கழன்றது என்று தெரியாது. தோட்டத்து ஆஸ்பத்திரி வாசலில் பெண்கள் படுத்தும் உட்கார்ந்தும் கிடந்தார்கள். சிலருக்கு முகமே தெரியாத அளவுக்கு வீங்கியிருந்தது. நடந்து வந்தவர்கள் நான்கைந்து பேர்தான், முன்னால் செல்லம்மாக்கா. கையில் இரண்டு மூன்று இடத்தில்தான் கொட்டு. அவர் தலையில் தொப்பி இருந்தது. இனி ஒளிப்பதற்கு என்ன இருக்கிறது என்று கழற்றாமலே வந்திருக்கிறார்.

அம்மாவை உள்ளே பாயில் படுக்கவைத்திருந்தார்கள். அவள் தலையில் தொப்பி இல்லை. கழுத்தும் இரண்டு கைகளும் வீங்கி, விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. கண் திறக்கவில்லை. அவள் தொப்பி எங்கே என்று நான் கத்தினேன். அதுதான் எனக்கு முதலில் கேட்கத் தோன்றியது.

பக்கத்தில் கமலா உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். கல்யாணமாகி அந்த வருடந்தான் எங்கள் தோட்டத்துக்கு வந்தவள், ஐந்து மாதக் கர்ப்பிணி. மடியில் அம்மாவின் தொப்பி. ஓட முடியாமல் நின்றவளை அம்மா செடிகளுக்கு நடுவில் தள்ளி, தன் தொப்பியை அவள் தலையில் மாட்டி, மேலே குனிந்து படங்கால் மூடிக்கொண்டாளாம். கமலாவுக்கு ஒரு கொட்டுக்கூட இல்லை.

அம்மா இரண்டு நாள் பேசவில்லை. பேச்சு வரவில்லை. அந்த இரண்டு நாளும் எனக்கு அந்த மூளம்பன்றியின்மேல் வந்த ஆத்திரம் கொஞ்சமில்லை. கொப்பிகளை அடுப்பில் போட எடுத்தும்விட்டேன். அப்பாதான் பிடுங்கி வைத்தார். மூன்றாம் நாள் காலையில் அம்மா கண்ணைத் திறந்து, கமலாவுக்கு வயிற்றில் எப்படி என்று கேட்டாள். நல்லாயிருக்கிறாள் என்றதும், "எட்டு எண்ணுறதுக்குள்ள போட்டேன்" என்றாள்.

"யார் செஞ்சது?"

அன்றைக்கு யாரும் சாகவில்லை. ஆஸ்பத்திரி டாக்டரையா, தொப்பி போட்டவர்கள் மட்டும் நடந்து வந்ததைத் தொரையிடம் சொல்லியிருக்கிறார்.

அம்மா வேலைக்குத் திரும்பிய அன்று பெரட்டுக்களத்துக்குத் தொரையே வந்தார். அவர் சிங்களவர், வயது குறைந்தவர். தோட்டத்தில் பழகிய தமிழ் பேசுவார். கையில் ஒரு தொப்பி. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கம்பியை மடித்தார், விரித்தார். நான் அன்றைக்கும் புத்தகப் பையோடு ஓரத்தில்தான் நின்றேன்.

"யார் செஞ்சது இது?" என்றார்.

யார் செய்தது என்று தொரை கேட்டால் அது தண்டனைக்குத்தான் என்பது அந்த வரிசைக்குத் தலைமுறை தலைமுறையாகத் தெரிந்த விஷயம். கண்டாக்கையா தொண்டையைச் செருமினார். நம்ம டிவிசனில் ஒரு மூளம்பன்றி இருக்குங்க சேர் என்று ஆரம்பித்துவிட்டு, மேலே என்ன சொல்வது என்று தெரியாமல் நிறுத்தினார். தொரைக்கு ஒன்றும் புரியவில்லை. பெண்கள் குனிந்து சிரிப்பை அடக்கினார்கள். அந்தச் சிரிப்போடு விஷயம் முடிந்துவிடும் என்று நான் நினைத்தேன்.

அம்மா வரிசையிலிருந்து ஒரு அடி முன்னால் வந்தாள். கூப்பிடாமல் யாரும் அப்படி வருவதில்லை. கைகளில் இன்னும் வீக்கம் வற்றவில்லை.

"நாந்தாங்க தொரை. என் பேரு ராசம்மா."

எங்கள் தோட்டங்களில் பேர் என்ற சொல்லுக்கு ஒரு நாள் வேலை என்று அர்த்தம். முழுநாள் செய்தால் ஒரு பேர், பாதி செய்தால் அரைப்பேர். இன்றைக்கு எனக்குப் பேர் விழுந்ததா என்றுதான் கேட்பார்கள். அம்மாவுக்கு எத்தனையோ ஆயிரம் பேர் விழுந்திருக்கும். தன் பேரைத் தானே ஒரு தொரையிடம் சொன்னது அன்றுதான் முதல் தடவை.

தொரை தொப்பியை அவளிடம் நீட்டி, என்ன வேண்டும் என்று கேட்டார். அம்மா தனக்கென்று ஒன்றும் கேட்கவில்லை.

"இத இடுப்புல வச்சிகிட்டு மலைக்குப் போக உத்தரவு வேணுங்க. எல்லாருக்கும்" என்றாள்.

தொரை சரி என்றார். ஸ்டோரில் கிடக்கும் பழைய உரப்பைகளைக் கொடுக்கச் சொல்லிக் கண்டாக்கையாவிடம் உத்தரவும் போட்டார். அவ்வளவுதான். கைதட்டல் எதுவும் இல்லை. ஆட்களைப் பிரித்தார்கள், எல்லோரும் மலைக்கு ஏறினார்கள். எனக்கு மட்டும் நெஞ்சு கொள்ளவில்லை. அது என் அம்மா என்று லிந்துலை டவுனுக்கே கேட்கும்படி கத்த வேண்டும் போலிருந்தது. அதன் பிறகு எனக்குப் பரிசுகள் கிடைத்திருக்கின்றன, மேடைகள் கிடைத்திருக்கின்றன. அந்தக் காலையில் பட்ட பெருமையை எதுவும் எட்டவில்லை.

பள்ளிக்கூடத்தில் அன்றைக்கு ஒரு பாடமும் ஏறவில்லை. வேறொன்று உறுத்திக்கொண்டிருந்தது. பின்னேரம் வந்ததும் கொப்பிகளை எடுத்துப் பார்த்தேன். எட்டு அட்டையிலும் பெரிய எழுத்தில், பூப்போட்ட கட்டத்துக்குள், "கதை, படம், கண்டுபிடிப்பு: ச. வசந்தி" என்று இருந்தது. இவ்வளவு நாளும் அதில் ஒரு தவறும் எனக்குத் தெரிந்ததில்லை. அம்மாவும் வாசிக்கத் தெரியாமல் அதைத்தான் மலைக்குச் சுமந்துகொண்டு போயிருக்கிறாள்.

முதல் கொப்பியின் அட்டையில் "கண்டுபிடிப்பு" என்பதை என் பெயரிலிருந்து வெட்டினேன். கீழே தனியாக எழுதினேன். எழுதிவிட்டு, முகம் கழுவிக்கொண்டிருந்த அம்மாவிடம் கொண்டுபோய், வெட்கத்தோடு, இது உன் பேர் என்றேன்.

அம்மா கையைத் துடைத்துவிட்டுக் கொப்பியை வாங்கினாள். வாசல் வெளிச்சத்தில் பிடித்து, வீங்கிய விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தடவினாள்.

"இதா நானு?"

"ஆமாம்மா."

வெகுநேரம் பார்த்தாள். அழப்போகிறாள் என்று நினைத்தேன்.

"கடைசி எழுத்து கோட்டத் தாண்டிக் கீழ எறங்கி நிக்குது" என்றாள். "அழிச்சிட்டு நேரா எழுது."

அழித்துவிட்டு நேராக எழுதினேன்.